ஒற்றைப் பாட்டுக்காரி

கோசிமாவுக்கு லிவியோ ஆர்க்காஞ்செலியைப் பிடிக்கும் என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பொத்துக்கொண்டு கோபம் வரும். பிடிப்பதெல்லாம் ஐஸ்கிரீமுக்கும் கடற்கரைக்கும் சரி. தாரந்தோ என்ற துறைமுக ஊரில் ஒரு பேரங்காடியின் மீன் பகுதியில் மட்டிச் சிப்பி கழுவி எடை போடுகிற பெண், விடுமுறை நாட்களையெல்லாம் பல்லைக் கடித்துச் சேர்த்து வைத்து, அந்தப் பாடகன் எந்த ஊரில் பாடினாலும் அங்கே போய் மேடைக்கு முன்னால் இருக்கும் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்றால், அதற்கு வேறு வார்த்தை வேண்டும். அந்த வார்த்தை அவளுக்கும் கிடைத்ததில்லை. புருஷன் விட்டுப்போன குளிர்காலத்தில் அவளைத் தூக்கி நிறுத்தியது லிவியோவின் முதல் இசைத்தட்டுதான். அன்றைக்கு அவனை யாருக்கும் தெரியாது. பாரி நகரத்தில் ஒரு மதுக்கடையின் பின்கட்டில் அவன் பாடியபோது கேட்டவர்களைவிட அங்கிருந்த நாற்காலிகள் அதிகம். கேட்டவர்களில் கோசிமாவும் ஒருத்தி.

பிறகு மெல்ல மெல்ல ஆட்கள் சேர்ந்தார்கள். சேர்ந்தவர்களை ஒழுங்குபடுத்தியது கோசிமா. "முதல் வரிசை" என்று அந்தக் கூட்டத்துக்குப் பெயரும் அவள்தான் வைத்தாள். சாயங்காலம் கதவு திறக்கும் என்றால் விடியும்போதே இவர்கள் வரிசையில் இருப்பார்கள். வந்தவர்களுக்கு வந்த முறைப்படி புறங்கையில் மார்க்கர் பேனாவால் எண் எழுதப்படும். நடுநடுவே எண்ணைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டதும் அந்த ஆளே எழுந்து எண்ணையும் பெயரையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எண் போச்சு, வாலில் போய் நிற்க வேண்டியதுதான். பக்கத்தில் இருப்பவர் பதில் சொல்லவும் கூடாது. ஒருத்தர் வந்து ஊருக்கே இடம் பிடிப்பதைத் தடுக்கக் கோசிமா சேர்த்த விதி அது. போலீஸ் போட்ட சட்டம் என்றால் ஏமாற்ற வழி தேடியிருப்பார்கள். தாங்களே போட்டுக்கொண்டது என்பதால் யாரும் வாய் திறக்கவில்லை.

போன கோடை வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் "படகைக் கட்டிட்டு வா" வந்து தொலைத்தது.

ஏதோ விளையாட்டாக எழுதிய பாட்டு என்று லிவியோவே சொன்னான். நாட்டுக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. கடற்கரைக் கடையில் அது, பெட்ரோல் போடும் இடத்தில் அது, பற்பசை விளம்பரத்தில் அது, பாதிரியார் நடத்திய சிறுவர் முகாமில்கூட அதுதான். பேரங்காடியின் மீன் பகுதி ஒலிபெருக்கியில் மட்டும் கேட்கவில்லை. அதன் ஒயரை யாரோ பிடுங்கிவிட்டார்கள், விசாரணை நடத்தியும் ஆள் அகப்படவில்லை. லிவியோவின் கச்சேரிகள் விளையாட்டு அரங்குகளுக்கு மாறின. பழைய பாட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. வந்து குவிந்த புதுக் கூட்டம் மற்றப் பாட்டுகளின்போது தின்பண்டம் வாங்கப் போய்விட்டு, அந்த ஒன்றுக்கு மட்டும் ஓடி வந்து கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தது. கோசிமா அவர்களுக்கு ஒற்றைப் பாட்டுக்காரர்கள் என்று பெயர் வைத்தாள். பெயர் நன்றாக ஒட்டிக்கொண்டது.

மே மாதம் லெச்சேயில் நிகழ்ச்சி முடிந்து பின்வாசலில் அவனைப் பார்த்தபோது அவள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஜூலையில எங்க ஊருக்கு வர்றேல்ல. அன்னைக்கு ஒரு நாள் அந்தப் படகப் பாடாத. பழசா பாடு. இத்தன வருஷத்துல நான் உங்கிட்ட எதும் கேட்டதில்ல."

லிவியோ சிரித்தான். "எனக்கே பாடிப் பாடி வாய் புளிச்சுப் போச்சு, கோசிமா. சரி, உனக்காக. கை குடு."

கை கொடுத்தான். அந்தக் கையை அவள் இரண்டு நாள் எலுமிச்சை போட்டுக் கழுவவில்லை, மீன் வாசனையோடே திரிந்தாள் என்று ரீனோ எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். ரீனோ மருந்துக்கடையில் வேலை பார்ப்பவன், "முதல் வரிசை"யில் அவளுக்கு அடுத்த ஆள், அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

அந்த ஜூலை நாள் வந்தது. கடலோரத் திடலின் வாசலில் காலை வெயிலிலேயே தார் இளகத் தொடங்கியிருந்தது. கோசிமாவின் கையில் ஒன்றாம் எண், ரீனோவின் கையில் இரண்டு. ரீனோ புதிதாக வந்த மூன்று பெண்களை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான்.

"ரெண்டாவது ஆல்பத்துல கடைசிப் பாட்டு என்ன?"

"அது... படகு?"

"படகுதாம்மா. கவுந்து போன படகு." வரிசை முழுக்கச் சிரித்தது. கோசிமாவும் சிரித்தாள். இன்று ராத்திரி இவர்கள் முகம் எப்படித் தொங்கும் என்று நினைக்க நினைக்க அவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

அப்போதுதான் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் வந்து சேர்ந்தார்கள். அவர் ஒரு கையில் மடக்கு நாற்காலி, தோளில் சாப்பாட்டுப் பை. அந்த அம்மாள் உதட்டுச் சாயமும் வைக்கோல் தொப்பியுமாக, கல்யாணத்துக்கு வந்தவள் மாதிரி இருந்தாள். கைத்தடி ஊன்றி நடந்தாள்.

"ஏம்மா, அந்தப் படகுப் பாட்டுப் பாடுற பையன் இங்கதானே?" என்று பெரியவர் கேட்டார்.

"லிவியோ ஆர்க்காஞ்செலி," என்றாள் கோசிமா, ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி.

"அவன்தான், அவன்தான். நான் தொனாத்தோ. துறைமுகத்துல இழுவைப் படகு எஞ்சின் பாத்துட்டு இருந்தேன், இப்ப ரிட்டையர்டு. இவ தித்தீனா. உக்காந்து பாக்குற சீட்டெல்லாம் எப்பவோ வித்துத் தீந்து போச்சாம். அதான் வெள்ளனவே வந்துட்டோம்."

ரீனோ எண் எழுதினான். அறுபத்தொன்று, அறுபத்திரண்டு. விதியைக் கோசிமா ஒப்பித்தாள். தொனாத்தோ தலையை ஆட்டிக் கேட்டார். பாதிகூடக் காதில் ஏறியிருக்காது என்று அவளுக்கே தெரிந்தது. தித்தீனா இடது கையை நீட்டி எண் எழுதிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். நன்றிகூடச் சொல்லவில்லை. திமிர் பிடித்த பொம்பிளை என்று கோசிமா மனதில் குறித்துக்கொண்டாள்.

உச்சி வெயிலில் அடுத்த அழைப்பு. கோசிமா எண்கள் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு வரிசையோரமாக நடந்தாள். ஐம்பத்தெட்டு வந்தது, ஐம்பத்தொன்பது வந்தது, அறுபது வந்தது. அறுபத்தொன்றைக் காணவில்லை, ஐஸ் தண்ணீர் வாங்கப் போயிருப்பதாக யாரோ சொன்னார்கள்.

"அறுபத்திரண்டு."

தித்தீனா தடியை ஊன்றி எழுந்து நின்று, புறங்கையைத் திருப்பி எண்ணைக் காட்டினாள்.

"தெரியுதும்மா. வாயால சொல்லணும். நம்பரும் பேரும்."

அந்த அம்மாளின் வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. மூடியது, மறுபடி திறந்தது. முகம் சிவந்தது. கையை இன்னும் உயரமாகத் தூக்கிக் காட்டினாள்.

"என்ன, பள்ளிக்கூடமா இது, கையத் தூக்குறீங்க? எல்லாரும் சொல்றாங்கல்ல? உங்களுக்கு மட்டும் என்ன வாய் நோவுதா?"

பின்னாலிருந்து யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். கோசிமா பேனாவால் அறுபத்திரண்டை அடித்தாள். அதைப் பார்த்ததும் தித்தீனா தடியால் தரையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். பிறகு வாயைத் திறந்தாள். பாட்டு வந்தது.

*"படகைக் கட்டிட்டு வா, சாயங்காலம் இன்னும் தீரல..."*

குரல் தெளிவாக இருந்தது, சுருதி அவ்வளவு சுத்தம். ஆனால் கண்ணில் கோபம் கொப்பளித்தது. வரிசை ஒரு நொடி திகைத்துப் பிறகு வெடித்துச் சிரித்தது. "ஒத்தப் பாட்டுக்காரிடோய்," என்றான் ஒருவன். ரீனோ கைதட்டினான். சிரிக்கச் சிரிக்க அந்த அம்மாள் அதே வரியைத் திரும்பத் திரும்ப, இன்னும் வேகமாகப் பாடினாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தொனாத்தோ ஓடி வந்தார். தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு மனைவியின் முதுகைத் தடவிக் கொடுத்தார். அவர் கத்தியிருந்தால் கோசிமாவுக்குப் பதில் கத்த வந்திருக்கும். அவர் கத்தவில்லை.

"இவளுக்குப் பேச்சு வராதும்மா. நான் முதல்லயே சொல்லிருக்கணும், என் தப்பு. போன அக்டோபர்ல தலையில ரத்தக்குழாய் அடைச்சுப் போச்சு. நாம சொல்றது எல்லாம் புரியும். திருப்பிச் சொல்லத்தான் வராது. அவ பேரே அவளுக்கு வராது."

சிரிப்பு வரிசையோரமாகவே அணைந்துகொண்டு போனது.

"பாட்டு வருதே," என்றாள் கோசிமா. தன் குரல் தனக்கே கேவலமாகக் கேட்டது.

"அது ஒண்ணுதான் வரும். ஆசுபத்திரியில பேச்சுப் பயிற்சி குடுக்குற பொண்ணு சொல்லுச்சு, பாட்டுப் போட்டுப் பாருங்க, காதுல விழுந்து விழுந்து பழகுனா வரலாம்னு. எங்க கல்யாணத்துல வாசிச்சது போட்டேன். மாதா கோயில் பாட்டு போட்டேன். ஒண்ணும் அசையல. சரி, போ, வீட்டுல சத்தமே இல்லாம இருந்தா பயமா இருக்குன்னு ரேடியோவ மட்டும் அணைக்காம வச்சிருந்தேன். அதுல எப்பப் பாரு இந்தப் பாட்டு. காலையில இது, மத்தியானம் இது. எனக்கே எரிச்சல், யாருடா இவன், வேற வேலை இல்லையான்னு. பிப்ரவரில ஒரு நாள் நான் காப்பி போட்டுட்டு நிக்கிறேன், எனக்குப் பின்னாடி யாரோ பாடுறாங்க."

அவர் மனைவியின் தொப்பியை நேராக்கிவிட்டுத் தொடர்ந்தார்.

"அந்த ரெண்டு வரிதான். அதுக்கு மேல இன்னும் வரல. பசிச்சாலும் அதைத்தான் பாடுவா, கோவம்னாலும் அதான், என்னைக் கூப்பிடணும்னாலும் அதான். இப்ப உங்கிட்ட அவ பேரச் சொன்னா, அவ்வளவுதான்."

நூறு தடவை ஒலிக்கிறதே, ஆயிரம் தடவை ஒலிக்கிறதே என்று கோசிமா வயிறெரிந்த ஒவ்வொரு தடவையும் இந்த அம்மாளின் சமையலறைக்குள்ளும் ஒலித்திருக்கிறது. லிவியோவின் நல்ல பாட்டு எதையும் வானொலிக்காரன் ஒரு மாதத்தில் ஒரு தடவைகூடப் போடுவதில்லை. அவை எவ்வளவு நல்ல பாட்டாக இருந்தும் தித்தீனாவுக்கு எதற்கும் உதவியிருக்காது. இது கோசிமாவுக்குப் பிடிக்காத உண்மை. ஆனால் எதிரில் தடியை ஊன்றிக்கொண்டு நின்றது.

அட்டையில் அடித்ததைத் திருத்தினாள். திருத்தியது போதவில்லை. நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போய் வரிசையின் தலையில், தன் குடைக்கு அடியில் போட்டாள். யாரும் முணுமுணுக்கவில்லை. தித்தீனா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பையிலிருந்து ஒரு துண்டு ஃபொக்காச்சா ரொட்டியை எடுத்து நீட்டினாள். மன்னித்துவிட்டாளா, அல்லது வாயை அடைக்கிறாளா என்று தெரியவில்லை. கோசிமா வாங்கிச் சாப்பிட்டாள்.

"ஒண்ணு கேக்கணும்மா," என்றார் தொனாத்தோ. "அந்தப் பாட்ட முதல்ல பாடுவானா, கடைசில பாடுவானா? இவளுக்குச் சீக்கிரம் களைச்சிரும். அதுக்கு ஏத்த மாதிரி உக்கார வச்சு நிக்க வைக்கணும். மூணு மாசமா இதுக்குத்தான் நாள எண்ணிட்டு இருக்கா."

தித்தீனாவும் பதிலுக்காகக் கோசிமாவின் வாயைப் பார்த்தாள்.

"கடைசில," என்றாள் கோசிமா.

உடனே எழுந்து ரீனோவை மதில் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"அவன் பாடணும்டா இன்னைக்கு."

"யக்கா, வெயில் தலைக்கேறிடுச்சா? வேணாம்னு கையடிச்சு வாங்குனது நீ."

"தெரியும்."

"ஒரு வருஷமா நம்ம ஆளுங்க எல்லாம் பொறுத்துக்கிட்டுக் கெடக்கோம். ஒரே ஒரு ராத்திரி நமக்குன்னு கேட்டோம். அந்த அம்மா பாவம்தான், எனக்கும் மனசு கேக்கல. அதுக்காக? நாளைக்கு மறுபடி ஊரு பூரா அதைத்தான் போடப் போறான். வீட்டுல கேட்டுக்கட்டும்."

அவன் சொன்னதில் ஞாயம் இருந்தது. அதுதான் தொந்தரவு. லிவியோவின் மேலாளருக்குச் செய்தி அனுப்பினாள். வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது: பாட்டு வரிசை வாத்தியக்காரர்கள் கைக்குப் போய்விட்டது, லிவியோ யாரையும் பார்ப்பதில்லை, நீ கேட்டபடியே எல்லாம் நடக்கும், கவலைப்படாதே.

கதவு திறந்ததும் எல்லோரும் தலைதெறிக்க ஓடினார்கள். கோசிமாவும் ரீனோவும் ஓடிப்போய்க் கம்பியின் நட்டநடுவில் கையை விரித்து இடத்தை வளைத்தார்கள். முனகினாலும் ரீனோ வளைத்தான். தொனாத்தோ மனைவியைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு வந்து சேர்ந்தபோது நாற்காலிக்கும் இடம் இருந்தது.

பொழுது சாய்ந்து லிவியோ மேடைக்கு வந்தான். முதல் பாட்டின் முதல் தந்தி அதிர்ந்ததும் "முதல் வரிசை" அலறியது. ஐந்து வருடமாக மேடை காணாத பாட்டு. அடுத்ததும் பழசு, அதற்கடுத்ததும் பழசு. சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டே போனான். அவளைத் தூக்கி நிறுத்திய "ஜனவரித் துறைமுகம்" வந்தபோது ரீனோ அழுதான், பக்கத்தில் எல்லோரும் அழுதார்கள். கோசிமாவுக்கு அழுகை வரவில்லை. இத்தனை காலம் காத்திருந்து கேட்ட பாட்டு காதில் விழுந்து கீழே போய்க்கொண்டிருந்தது. தித்தீனா காலால் தாளம் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் அவளைத் திரும்பிப் பார்த்தாள். இதுவா கடைசி என்று கேட்கிற பார்வை. கோசிமா இல்லை என்று தலையை ஆட்டினாள். ஆட்ட ஆட்டக் கழுத்து கனத்தது.

கடைசிப் பாட்டும் முடிந்தது. தொனாத்தோ மனைவியை எழுப்பி நிறுத்தி, அவள் கையைக் கம்பியில் வைத்தார். பின்னால் திடல் முழுவதும் அந்தப் பாட்டைக் கேட்டுக் காலால் தரையை உதைக்கத் தொடங்கியது. லிவியோ ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோனான்.

"இன்னைக்கு அது இல்ல. ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

சீழ்க்கை பறந்தது. அவன் சிரித்துக்கொண்டே கோசிமாவைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தான். மேடையோரத்துப் பெரிய திரையிலும் அது தெரிந்தது. இத்தனை ஆயிரம் பேருக்கு முன்னால் அவன் அவளைப் பார்த்து நெஞ்சில் கை வைக்கிறான். இதற்காக அவள் எதையும் கொடுத்திருப்பாள். தித்தீனாவுக்குச் சொன்னது எல்லாம் புரியும் என்று தொனாத்தோ சொல்லியிருந்தார். புரிந்துவிட்டது. அவள் கோபப்படவில்லை, பாடவும் இல்லை. கம்பியிலிருந்து கையை எடுத்து, நாற்காலி எங்கே என்று பின்னால் துழாவினாள்.

"பாடு," என்று கோசிமா கத்தினாள். "லிவியோ, பாடு." சீழ்க்கையில் அது எடுபடவில்லை. அவன் வாத்தியத்தைக் கழற்றத் தொடங்கினான்.

அவள் கம்பியின் கீழ்ப்படியில் ஏறி நின்று, தொண்டை கிழிய, தன் வாயால் ஒருநாளும் பாடாத அந்த வரியைப் பாடினாள். "படகைக் கட்டிட்டு வா..."

"யக்கா, என்ன பண்றே?" ரீனோ அவள் சட்டையைப் பிடித்து இழுத்தான். "முதல் வரிசை" முழுக்க வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. மானம் போனால் போகிறது என்று அவள் இன்னும் உரக்கப் பாடினாள்.

லிவியோ காதருகே கையைக் குவித்தான். குனிந்து பார்த்தான்.

"கோசிமா? நீயா?"

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். கையால் தித்தீனாவைக் காட்டினாள். என்ன புரிந்ததோ, அவன் வாத்தியத்தை மறுபடி மாட்டிக்கொண்டு பின்னால் திரும்பி விரலைச் சொடுக்கினான். தாளம் விழுந்தது. திடல் இடிந்து விழுகிற மாதிரி ஒரு சத்தம் எழுந்து, பிறகு அத்தனை வாயும் ஒரே வாயாகப் பாடியது. தித்தீனா இரண்டு வரியையும் முகத்தை நிமிர்த்திப் பாடினாள். அவளைவிட உரக்கப் பாடியவர் அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை.

பல்லவி முடிந்து பாட்டு அடுத்த அடிக்குப் போனது. கோசிமா வாயைத் திறந்தாள். அவளிடம் வார்த்தை இல்லை. லிவியோவின் அத்தனை பாட்டையும் தலைகீழாகச் சொல்லக்கூடியவள், இந்த ஒன்றைப் பல்லவிக்கு மேல் கேட்டதே இல்லை. எங்கே ஒலித்தாலும் அதற்குள் அணைத்திருப்பாள், அல்லது எழுந்து போயிருப்பாள், கச்சேரியில் என்றால் காதைப் பொத்திக்கொண்டிருப்பாள். ரீனோவைப் பார்த்தாள். அவனும் வெறும் வாயை அசைத்துக்கொண்டிருந்தான். அந்தத் திடலிலேயே பாட்டுத் தெரியாதவர்கள் முதல் வரிசையில் நின்றவர்கள்தான்.

பக்கத்தில் ஒரு குரல் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

*"எலுமிச்சை ரெண்டு, ஐஸு கொஞ்சம், உன் கோவம் பாதி, என் கோவம் மிச்சம்..."*

தொனாத்தோ மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டார். "இது வந்ததில்லையே," என்றார், யாரிடமோ. "இது வீட்டுல வந்ததே இல்லையே."

தித்தீனா அவர் பக்கம் திரும்பவில்லை. பின்னாலிருந்து வந்த ஆயிரமாயிரம் குரல்கள் ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கொடுக்க, வாங்கி வாங்கிப் பாடிக்கொண்டிருந்தாள். கோசிமா அவளுடைய உதட்டைப் பார்த்துக்கொண்டு, ஒரு சொல் பிந்தி, கூடவே பாடினாள்.